பதில் போய்ச் சேரும் இடம்

மின்னஞ்சலோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம் தெரிவதில்லை. ஒரு மடலுக்குள் அனுப்பியவரின் முகவரி ஒன்று இல்லை, மூன்று இருக்கலாம். யார் எழுதியது என்று சொல்ல ‘ஃப்ரம்’ என்று ஒரு வரி. பதிலை எங்கே போட வேண்டும் என்று சொல்ல ‘ரிப்ளை-டு’ என்று ஒரு வரி. மடல் சேராமல் திரும்பினால் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ‘ரிட்டர்ன்-பாத்’ என்று இன்னொன்று. பெரும்பாலும் மூன்றிலும் ஒரே முகவரிதான் இருக்கும். அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. மூன்றும் வேறு வேறாக இருக்கிற நாளில்தான், நடுவில் நிற்கிற சர்வர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது தெரியவரும்.

நடுவில் நிற்கிற சர்வர் என்று நான் சொல்வது மெயில் கேட்வேயை. ஓர் அலுவலகத்துக்குள் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே போகிற மடல் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகும். வெளியிலிருந்து வருவதும் அப்படியே. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே என் உத்தியோக காலம் கழிந்தது. திருத்தணியிலிருந்து விடியற்காலை வண்டியில் ஏறி, அரக்கோணம் வழியாகப் போய், இருட்டிய பிறகு திரும்புவேன். இப்போது ஓய்வு. திரும்பிப் பார்க்கையில், அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பிறருடைய வார்த்தையைச் சுமந்து போகிறவன், அதற்கு வரும் பதில் யாருக்கு உரியது என்பதை மாற்றக் கூடாது.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு வேலை செய்கிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் இந்த ஊர் தாங்காது. பூக்காவடி, பால்காவடி என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிற கூட்டம் ஒரு பக்கம்; சித்தூர், நெல்லூர், கடப்பையிலிருந்து வருகிற தெலுங்கு பக்தர்கள் ஒரு பக்கம். அறை கிடைப்பது பெரிய பாடு. அந்த விடுதிக்காரர் இணையதளத்தில் ஒரு படிவம் வைத்திருந்தார். பெயர், மின்னஞ்சல், எத்தனை பேர், என்ன தேதி என்று நிரப்பி அனுப்பினால் அது விடுதியின் பெட்டிக்கு மடலாக வந்துவிடும். மேலாளர் பொறுப்பான மனிதர். வந்த ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் போட்டார். ஆனால் ஒருவரும் அதன் பிறகு பேசவில்லை, பணம் கட்டவில்லை. “பதில் போட்டுட்டேதான் சார் இருக்கேன், ஒருத்தருமே திரும்பிப் பார்க்க மாட்டேங்கறாங்க” என்று குறைப்பட்டுக்கொண்டார். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தம்பி மகள். “பெரியப்பா, ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டாள்.

வந்திருந்த மடல் ஒன்றைத் திறந்து, அதன் முழுத் தலைப்பையும் காட்டச் சொன்னேன். நாம் சாதாரணமாகப் படிக்கும் மடலுக்கு மேலே இருபது முப்பது வரிகள் ஒளிந்திருக்கும். அதில்தான் எல்லா உண்மையும் இருக்கும். ஃப்ரம் வரியில் விடுதியின் முகவரி. அது சரிதான், படிவத்தை மடலாக்கி அனுப்புவது விடுதியின் சர்வர்தானே. ரிப்ளை-டு வரியில் அறை கேட்ட பக்தரின் முகவரி இருக்க வேண்டும். அங்கேயும் விடுதியின் முகவரிதான் இருந்தது. மேலாளர் பதில் பொத்தானை அழுத்த, பதில் அவருடைய பெட்டிக்கே வந்து விழுந்திருக்கிறது. பதில்கள் எல்லாம் ‘அறை விசாரணை’ என்ற அதே பொருள் வரியோடு புதிய விசாரணைகளுக்கு நடுவே கலந்து கிடந்தன. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பக்தரின் முகவரியையே ஃப்ரம் வரியில் போட்டுவிடலாமே என்று கேட்டாள் தம்பி மகள். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் 2014 ஏப்ரலில் யாஹூ ஓர் அறிவிப்பைத் தன் பெயர்ப் பதிவில் வைத்தது. யாஹூ முகவரியைப் போட்டுக்கொண்டு வருகிற மடல், யாஹூவின் அத்தாட்சி இல்லாமல் வந்தால் வாங்காதீர்கள் என்பது அதன் சாரம். டிமார்க் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பொய்யாக ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதுவதைத் தடுக்க வந்தது. அதன் பிறகு, ஃப்ரம் வரியில் நம் சொந்தப் பெயரைத்தான் போட வேண்டும், யாருக்காக எழுதுகிறோமோ அவர் முகவரியை ரிப்ளை-டு வரியில் போட வேண்டும் என்பது எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நீ யார் என்பதை மறைக்காதே. யாருக்காகப் பேசுகிறாய் என்பதையும் மறைக்காதே.

அப்படியானால் ரிப்ளை-டு வரியை மாற்றியது யார்? கேட்வேதான். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் அது. வீட்சே வெனிமா எழுதி 1998இல் வெளிவந்தது, உலகம் முழுக்க இன்றும் ஓடுகிறது. அதில் தலைப்பு வரிகளைச் சோதிக்க ஒரு கோப்பு உண்டு. முன்பு அமைத்துக் கொடுத்தவர் அதில் ஒரே ஒரு விதி எழுதியிருந்தார்: எந்த மடலில் ரிப்ளை-டு வரி வந்தாலும் அதை விடுதியின் முகவரியாக மாற்று. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஊழியர்களின் சொந்த முகவரி வெளியே போகக் கூடாது, வாடிக்கையாளர் பதில் எல்லாம் பொதுப் பெட்டிக்கே வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் விதிக்குக் கண் கிடையாது. ஊழியர் எழுதிய மடல் எது, பக்தர் சார்பாக வந்த மடல் எது என்று அது பார்க்காது.

அந்த வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஜெனரிக் அட்டவணை என்று போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருப்பதை வைத்தோம். அதில் இன்ன உள் முகவரிக்கு இன்ன வெளி முகவரி என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்க வேண்டும். மடல் வெளியே போகிற நேரத்தில் பட்டியலில் இருப்பதை மட்டும் மாற்றும், இல்லாததைத் தொடாது. பக்தரின் முகவரி பட்டியலில் கிடையாது, அதனால் அது அப்படியே இருக்கும். வேலை அவ்வளவுதான். பழைய விசாரணைகளை என்ன செய்வது? பக்தர்கள் படிவத்தில் நிரப்பிய முகவரி மடலின் உள்ளேயும் இருந்தது, அதனால் பிழைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பதில் போட்டாள் தம்பி மகள். அதில் நெல்லூர்க் குடும்பம் ஒன்று, பாட்டியம்மாவுக்கு முழங்கால் வலி, தரைத்தளத்தில் ஓர் அறை மட்டும் கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர்கள் கேட்டார்கள், இவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நடுவில் இருந்த கேட்வே எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது.

இந்தப் பிரச்சினை புதிது என்று எண்ண வேண்டாம். 1982இல் டேவிட் க்ராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம்தான் மின்னஞ்சல் தலைப்புகளுக்கு நெடுங்காலம் இலக்கணமாக இருந்தது. ஒருவர் எழுதி அவருடைய உதவியாளர் அனுப்பினால் எழுதியவர் பெயர் ஒரு வரியிலும், அனுப்பிய உதவியாளர் பெயர் ‘செண்டர்’ என்ற இன்னொரு வரியிலும் வர வேண்டும் என்று அதிலேயே வகுத்திருக்கிறார்கள். பதில் எழுதுகிறவர் ரிப்ளை-டு இருந்தால் அங்கே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரம் முகவரிக்கு. உதவியாளருக்குப் பதில் தானாகப் போய்விடக் கூடாது. அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தட்டச்சு செய்தவரே எழுதியவர் போல நடந்துகொண்ட எத்தனை இடங்களைப் பார்த்திருக்கிறோம்!

நம் நாட்டில் மின்னஞ்சல் வந்த கதையும் நடுவில் நின்றவர்களின் கதைதான். 1986இல் அன்றைய மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்நெட் என்ற கணினி வலையைத் தொடங்கின. சென்னை ஐஐடி, பம்பாயின் என்சிஎஸ்டி, பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம் என்று சில நிறுவனங்கள்தான் அதில் இருந்தன. பொதுமக்களுக்கு இணையம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, விஎஸ்என்எல் வழியாக, 1995 ஆகஸ்ட் 15 அன்று. எர்நெட்டின் ஆரம்ப நாட்களில் மோடம் போட்டுத் தொலைபேசியில் அழைத்து, ஒரு கணினி இன்னொன்றுக்கு மடலைக் கைமாற்றும், அது அடுத்ததற்கு. யூயூசிபி என்று அந்த முறைக்குப் பெயர். முகவரியே வழியாக இருக்கும். முதல் கணினி, ஆச்சரியக்குறி, இரண்டாம் கணினி, ஆச்சரியக்குறி, மூன்றாம் கணினி, கடைசியில் ஆளின் பெயர். ஒவ்வொரு கணினியும் மடலைக் கைமாற்றும்போது தன் பெயரைத் திரும்பும் வழியின் முன்னால் சேர்த்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்தவர் அந்த வழியிலேயே நடந்து பதிலைத் திருப்பி அனுப்பலாம்.

எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிந்தது. நடுவில் இருந்த எந்தக் கணினியும் தனக்கு முன்னால் இருந்தவரின் பெயரை அழிக்கவில்லை. ‘என் வழியாக வந்தது’ என்று மட்டும் சொன்னது. இன்றைக்கும் ஒவ்வொரு கேட்வேயும் ‘ரிசீவ்ட்’ என்று ஒரு வரியை மடலின் மேல் சேர்க்கிறது. அது, இன்ன நேரத்தில் இன்னாரிடமிருந்து நான் வாங்கினேன் என்ற சாட்சி. கேட்வே சேர்க்கக் கடமைப்பட்ட வரி அதுதான். மற்ற வரிகளில் கை வைத்தால் இப்போது இன்னொரு தொல்லையும் உண்டு. அனுப்புகிற நிறுவனம் டிகிம் என்ற கையொப்பத்தை மடலில் இட்டு அனுப்புகிறது. அந்தக் கையொப்பம் ஃப்ரம் வரியையும், பல இடங்களில் ரிப்ளை-டு வரியையும் சேர்த்தே காக்கிறது. வழியில் யாராவது மாற்றினால் கையொப்பம் பொருந்தாமல் போகும். வாங்குகிற சர்வர் சந்தேகப்படும்.

முகவரி மாறுவதன் வலியைத் திருத்தணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்த ஊரும் அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நான் அப்போது சிறு பையன்; செங்கல்பட்டு மாவட்டம் என்று எழுதப் பழகினோம். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் ஆயிற்று. வீடு அதே வீடு, வாசல் அதே வாசல். கடிதத்தின் மேலிருந்த முகவரியில் கீழ் வரிகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. நகரியிலும் புத்தூரிலும் இருந்த உறவுக்காரர்கள் பழக்கத்தை விடாமல் சித்தூர் ஜில்லா என்றே எழுதினார்கள், அதுவும் தெலுங்கில். தபால்காரர் ஒரு கடிதத்தையும் திருப்பி அனுப்பவில்லை. கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “புது அட்ரஸ் எழுதச் சொல்லுங்க சாமி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. எங்களுக்கு ஆறில் தொடங்கும் 631209. எல்லை தாண்டினால் ஐந்தில் தொடங்கும் எண். ஆனாலும் பழைய முகவரியில் வந்த கடிதங்கள் அதற்குப் பின்னும் வந்து சேர்ந்தன.

பின்னால் நான் வேலை பார்த்த இடத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சல் பெயரே மாறியபோது எனக்கு அந்தத் தபால்காரர்தான் நினைவுக்கு வந்தார். பழைய பெயரை மாதக் கடைசியோடு மூடிவிடலாம், வீண் செலவு என்றார்கள் சிலர். நான் மறுத்துப் பேசினேன். நாம் ஏற்கெனவே அனுப்பிய மடல்கள் எத்தனையோ பேரின் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றின் ரிப்ளை-டு வரியில் பழைய பெயர்தான் இருக்கிறது. ஒருவர் நான்கு வருஷம் கழித்து அதைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? நாம் பெயர் மாற்றிக்கொண்டது அவருக்கு எப்படித் தெரியும்? பழைய பெயரில் வருவதை வாங்கிப் புதிய பெட்டியில் போட ஒரு வரி போதும், ஆண்டுக்கொரு முறை பெயர்ப் பதிவைப் புதுப்பித்தால் போதும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெயருக்குப் பதில்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ‘இந்த முகவரியில் என்னைக் கேளுங்கள்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அது நாம் கொடுத்த வாக்கு. நமக்கு வசதிப்படும் நாளில் அதை முறித்துக்கொள்ள முடியாது.

மெயில் சர்வர் எல்லாம் எனக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். கணவர் இறந்த பின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஓர் அம்மா விண்ணப்பம் கொடுத்தார். தெரிந்த பையன் ஒருவன் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். கைபேசி எண் கேட்ட இடத்தில் அவன் தன் எண்ணைப் போட்டான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்த அம்மாவின் கைபேசி பட்டன் போன். குறுஞ்செய்தி வந்தால் படிக்கத் தெரியாது, ஓடிபி சொல்லத் தெரியாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தான். பிறகு அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்தது, போய்விட்டான். வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை, கொண்டுவரவும் என்று வந்த செய்தி அவன் போனில் நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் கிடந்தது. கெடு முடிந்து மனு தள்ளுபடி. அந்த அம்மா இங்கே திண்ணையில் உட்கார்ந்து, ‘இன்னும் ஒண்ணும் சொல்லல’ என்று காத்துக்கொண்டிருந்தார்.

அலுவலகம் சொல்லிவிட்டது, இவருக்கு வந்து சேரவில்லை. விடுதியின் கேட்வேயில் நடந்ததும் இதுதான். அந்தப் பையன் தன் எண்ணைப் போடாமல், பக்கத்து வீட்டில் இருக்கிற, படிக்கத் தெரிந்த பேத்தியின் எண்ணைக் கேட்டுப் போட்டிருந்தால் போதும். யாருக்காவது விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் எல்லாரிடமும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உதவி செய்யுங்கள், கோடி புண்ணியம். ஆனால் பதில் வரும் இடத்தில் உங்கள் எண்ணை எழுதாதீர்கள்.

என் தாய்மாமா ஒருவர் கல்யாணப் பேச்சுகளுக்குத் தூது போவார். இரண்டு பக்கமும் சொந்தம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. அவர் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் அப்படியே சொல்வார். தன் அபிப்பிராயத்தை அதில் கலக்க மாட்டார். அங்கிருந்து பதில் வரும் கட்டத்தில், “அதை என்கிட்ட சொல்லாதீங்க, அவங்களுக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க” என்று எழுந்துவிடுவார். அவர் பேசி முடித்த சம்பந்தங்களில் பின்னாளில் ‘நீ அப்படிச் சொன்னியே’ என்ற பேச்சே எழுந்ததில்லை. இரு தரப்பையும் நேராகப் பேச விட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் அவருடைய பெருமை என்று இப்போது புரிகிறது.

முத்துசுவாமி தீட்சிதர் எங்கள் திருத்தணி மலையில்தான் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு. தம் பாடல்களில் முத்திரையாக அவர் வைத்தது தம் பெயரை அல்ல. குருகுஹ என்ற முருகன் பெயரை. பாடியவர் யார் என்பது கேட்கிறவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடுகிறது. பாட்டுக்குக் கிடைக்கும் போற்றுதல் எங்கே சேர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைத் தொழில்நுட்பத்தோடு முடிச்சுப் போட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எனக்குப் படிகளில் ஏறும்போது தோன்றியது, சொன்னேன்.

திரும்பி வருகிற மடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடல் சேராவிட்டால், சேரவில்லை என்று ஓர் அறிவிப்பு வரும். அது ரிப்ளை-டு முகவரிக்கு வராது, ரிட்டர்ன்-பாத் முகவரிக்குத்தான் வரும். சரி, அந்த அறிவிப்பே போய்ச் சேராவிட்டால்? அதற்கு ஓர் அறிவிப்பு, அதற்கும் ஓர் அறிவிப்பு என்று போனால் இரண்டு சர்வர்களும் விடிய விடிய ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் அந்த அறிவிப்பு மடலுக்கு மட்டும் திரும்பும் முகவரியைக் காலியாக விட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விதி செய்தார்கள். காலியாக இருந்தால் யாரும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. அங்கேயே முடிந்துவிடும்.

விடுமுறைப் பதில்களுக்கும் இதே பாடம். ஒரு பொங்கல் விடுமுறையில் எங்கள் அலுவலர் ஒருவர், ‘ஊரில் இல்லை, திரும்பியதும் எழுதுகிறேன்’ என்று தானியங்கிப் பதிலை வைத்துவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் இருந்த அலுவலகத்திலும் ஒருவர் அப்படியே வைத்திருந்தார். இருவரின் கணினிகளும் விடுமுறை முழுக்க ஒன்றுக்கொன்று ‘ஊரில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தன, வட்டு நிரம்பிவிட்டது. நன்றாக எழுதப்பட்ட நிரல் அப்படிச் செய்யாது. ஒருவருக்கு ஒருமுறை சொன்னால், பிறகு சில நாட்களுக்கு அவருக்கு மறுபடி சொல்லாது. முகவரி காலியாக வந்த மடலுக்குப் பதிலே சொல்லாது. 2004இல் இதற்கென்று ஒரு தனி ஆவணமே வந்தது.

என் வயதுக்காரர்கள் வீட்டில் பார்க்கிற சண்டைகளில் பாதி இந்த வகை. அவன் சொன்னதுக்கு இவன், இவன் சொன்னதுக்கு அவன். முதலில் எதற்காகத் தொடங்கியது என்பது இரண்டு பேருக்குமே மறந்திருக்கும். யாராவது ஒருவர் பதிலை எதிர்பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். “நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்” என்பது அப்படி ஒரு வார்த்தை. அதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ரிப்ளை-டு வரியைத் திருடர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் எச்சரித்துவிடுகிறேன். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நூல் அனுப்பும் வியாபாரியின் பெயரில் மடல் வந்தது. எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனிமேல் இந்தக் கணக்கில் போடுங்கள் என்று இருந்தது. பெயர் சரி, பில் எண் கூடச் சரி. சந்தேகம் கேட்டுப் பதில் எழுதினார். ஆமாம், மாற்றிவிட்டோம் என்று உடனே பதிலும் வந்தது. பணம் போடுவதற்கு முன் ஏதோ தோன்றி என்னிடம் காட்டினார். ஃப்ரம் வரியில் வியாபாரியின் முகவரி. ரிப்ளை-டு வரியில் அதே போல, ஓர் எழுத்து மட்டும் மாறிய இன்னொரு முகவரி. அவர் கேட்ட சந்தேகத்துக்குத் திருடனே சமாதானம் சொல்லியிருக்கிறான். பழைய பில்லில் அச்சிட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது வியாபாரிக்கு ஒன்றுமே புரியவில்லை. கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும் அந்த மடலுக்குப் பதில் போட்டுக் கேட்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசிக் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கேட்வே பார்க்கும் பிள்ளைகள், ஃப்ரம் ஒரு நிறுவனமும் ரிப்ளை-டு வேறொரு நிறுவனமுமாக வெளியிலிருந்து வரும் மடல்களில் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்க்கும்படி அமைக்கலாம். மாற்ற வேண்டாம், அழிக்க வேண்டாம், சுட்டிக்காட்டினால் போதும்.

எனக்கு நீண்ட நாளாக மனத்தில் இருக்கும் ஆதங்கம் வேறொன்று. இப்போது பெரிய இடங்களிலிருந்து வரும் மடல்களில் பாதிக்கு மேல், ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று அடியில் எழுதியிருக்கிறது. முகவரியே நோ-ரிப்ளை. என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் ஓய்வூதியக்காரர். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கச் சொல்லி அப்படி ஒரு மடல் அவருக்கு வந்தது. அவர் உட்கார்ந்து, கைபேசியில் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, நீண்ட பதில் எழுதினார். கண் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, மருத்துவர் வெளியே போக வேண்டாம் என்கிறார், ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி முறையாக. எழுதி அனுப்பிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார். ஓய்வூதியம் நின்ற பிறகுதான் தெரிந்தது. அடியில் இருந்த அந்த ஆங்கில வரியை அவர் படிக்கவில்லை. பேசுகிறவர்களுக்குக் காது இருக்கும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை அது.

மின்னஞ்சலை வகுத்தவர்கள் இப்படி நினைக்கவில்லை. எந்த நிறுவனம் மடல் வாங்குகிற சர்வர் வைத்திருந்தாலும் அங்கே போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஒரு பெட்டி இருந்தே ஆக வேண்டும், அதற்கு வரும் மடலை வாங்கியே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பெயரில்லாதவன், ஊர் தெரியாதவன், யாரிடம் கேட்பது என்று புரியாதவன் கூட அங்கே எழுதிக் கேட்கலாம். விதி இன்றும் இருக்கிறது. எத்தனை இடத்தில் அந்தப் பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கிறார் என்பதுதான் கேள்வி.

பெரிய அலுவலகங்களில் கேட்வே வைத்திருக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். ஆயிரக்கணக்கில் ஒரே மடலை அனுப்பும்போது ஃப்ரம் வரி நோ-ரிப்ளையாகவே இருந்தாலும் இருக்கட்டும், அதற்கு உங்களுக்குக் காரணங்கள் இருக்கும். சேராமல் திரும்புகிற மடல்களை ரிட்டர்ன்-பாத் வழியாகத் தனிப் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். அவை உங்களைத் தொல்லை செய்யாது. ரிப்ளை-டு வரியில் மட்டும் ஆள் இருக்கிற ஒரு பெட்டியின் முகவரியைப் போடுங்கள். தானியங்கிப் பதில்களை வடிகட்டிவிட்டால், ஆயிரம் மடலுக்கு மனிதர் எழுதும் பதில்கள் ஒருவர் உட்கார்ந்து படிக்கிற அளவுக்குத்தான் வரும். நான் பார்த்த இடத்தில் அப்படித்தான் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை அந்தப் பெட்டிக்கு அமர்த்துங்கள். காலையில் அலுவலகம் திறந்ததும் அவர் முதலில் அதைத் திறக்கட்டும். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் அவகாசம் கேட்டு எழுதியிருந்தால், அதை உரிய பிரிவுக்கு அனுப்பும்போது ரிப்ளை-டு வரியில் அந்தப் பெரியவரின் முகவரி அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பட்டும்.